தங்க வேட்டை நாட்டில் ஏஞ்சலின் கதை

1848-ம் வருஷம் ஜனவரி 24-ம் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கம் கோலோமா என்ற இடத்தில், மரம் அறுக்கும் ஆலைக்காக வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர் கண்ணில் ஏதோ மினுமினுவென்று பட்டது. தங்கம்! செய்தி பரவியதுதான் தாமதம், கடையைப் பூட்டிவிட்டும் கலப்பையைப் போட்டுவிட்டும் ஜனங்கள் ஓடினார்கள். சில வருஷத்துக்குள் சுமார் 3 லட்சம் பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்களாம். அத்தனையும் ஆண் கூட்டம். 1850-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில், 100 பேரில் 8 பேர் கூடப் பெண்கள் இல்லை.

அப்படிப்பட்ட ஊர் எப்படி இருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். குடி, சூதாட்டம், அதோடு பெண்களை வைத்துப் பிழைக்கும் அந்த இன்னொரு தொழிலும் கொடிகட்டிப் பறந்தது. அதன் நடுவில் நடக்கும் காதல் கதைதான் ‘ரிடீமிங் லவ்’ என்ற நாவல். விலை கொடுத்து மீட்கும் அன்பு என்று அர்த்தம் சொல்லலாம். எழுதியவர் பிரான்சின் ரிவர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. முதலில் சாதாரணக் காதல் நாவல்கள்தான் எழுதிக்கொண்டிருந்தார். 1986-ல் கிறிஸ்தவ மதத்தில் மனம் திரும்பிய பிறகு, எழுத்தின் போக்கே மாறிவிட்டது. இந்த நாவல் 1991-ல் வந்தது.

பைபிளில் ஓசியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். நடத்தை கெட்ட கோமேரை மணந்துகொள் என்று அவருக்குக் கடவுள் கட்டளை இடுகிறார். அவளோ வேறு ஆளிடம் போய்விடுகிறாள். ஓசியா 15 வெள்ளிக்காசும் கொஞ்சம் வாற்கோதுமையும் விலையாகக் கொடுத்து அவளைத் திரும்ப அழைத்து வருகிறார். இந்தப் பழைய கதையைத்தான் ஆசிரியை தங்க வேட்டை நாட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

கதாநாயகிக்கு ஏஞ்சல் என்று பெயர். அது தொழிலுக்காக மற்றவர்கள் வைத்த பெயர்; சொந்தப் பெயரை அவள் யாரிடமும் சொல்வதில்லை. எட்டு வயதில் தாயை இழந்து, ஒரு கொடியவன் கையில் விலையாகிறாள் குழந்தை. வளர்ந்த பிறகு தப்பிக் கப்பலேறிக் கலிபோர்னியா வந்தும், பாவம், அதே வாழ்க்கைதான். அங்கே காய்கறி விற்க வரும் மைக்கேல் ஹோசியா என்ற விவசாயி அவளைப் பார்க்கிறான். ‘இவள்தான் உன் மனைவி’ என்று கடவுள் சொன்னதாக அவனுக்குத் தோன்றுகிறது.

கல்யாணம் நடக்கும் விதம்தான் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அடி வாங்கிக் குற்றுயிராகக் கிடக்கும்போது ஏதோ சொல்கிறாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பண்ணைக்குக் கூட்டிப் போய்விடுகிறான்! அவன் எவ்வளவு நல்லவனாக இருக்கட்டுமே, குற்றுயிராகக் கிடக்கும் பெண்ணிடம் கேட்டது கேட்டதாகுமா? அவளுக்கும் அது ஒப்பவில்லை போலிருக்கிறது. ஓடிப்போகிறாள். அவன் அழைத்து வருகிறான். மறுபடி ஓடுகிறாள்.

கடைசியாக அவள் போகும்போதுதான் நாவல் உயர்ந்து நிற்கிறது. இந்தத் தடவை மைக்கேல் தேடிப் போவதில்லை. மனது கேட்காமல் தவித்தாலும், வந்தால் தானாக வரட்டும் என்று காத்திருக்கிறான். ஏஞ்சல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலைக்குச் சேருகிறாள். சமையலே தெரியாமல் பண்ணைக்கு வந்தவள், அங்கே கற்றுக்கொண்ட கைவேலை இப்போது சோறு போடுகிறது. பழைய கொடியவன் மறுபடி எதிர்ப்படும்போது, கூட்டத்தின் நடுவிலேயே அவன் யோக்கியதையை உடைத்துச் சொல்லிவிடுகிறாள். பிறகு, தன்னைப் போல் சிக்கிய பெண்களுக்காக ஒரு வீடு நடத்துகிறாள். மூன்று வருஷம் ஓடிவிடுகிறது. அதற்கப்புறம்தான் தன் காலாலேயே பண்ணைக்கு நடந்து வருகிறாள். பிழைக்க வழியில்லாமல் வந்தவள் இல்லை. தன் சொந்தப் பெயர் ஸாரா என்று அன்றுதான் கணவனிடம் சொல்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

சமையல் செய்து அப்படிப் பிழைக்க முடியுமா, கதைக்காகச் சொன்னதா என்று சந்தேகம் வருகிறதா? நிஜத்தில் லுஸீனா வில்சன் என்ற அம்மாள் இருந்தார். கணவர், குழந்தைகளோடு 1849-ல் மாட்டு வண்டியில் கலிபோர்னியா வந்தவர். அடுப்பில் ரொட்டி வேகும்போது ஒரு ஆள் வந்து, அதற்கு 5 டாலர் தருகிறேன் என்றானாம். இந்த அம்மாள் திகைத்து நிற்க, தயங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்து 10 டாலராக்கிவிட்டான். பெண் கையால் சுட்ட ரொட்டி என்பதற்கு அந்த மவுசு! பிறகு நெவாடா சிட்டியில் பலகையை அடித்து மேஜை போட்டு, சாமான் வாங்கிச் சமைத்தார். கணவர் திரும்பி வந்து பார்த்தால் 20 பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எழுந்து போகும்போது ஆளுக்கு ஒரு டாலர். அதுவே பெரிய ஹோட்டலாக வளர்ந்தது. 1851-ல் ஊரே பற்றி எரிந்து அதுவும் போயிற்று. விடவில்லை அவர், வேறு ஊர் போய் மறுபடி அடுப்பு மூட்டினார். ஆற்றில் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று மண்ணை அரித்தவர்களில் எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்பியபோது, இந்த அம்மாளின் அடுப்புக்கு மட்டும் வேலை ஓயவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தங்கத்துக்காக வந்தவர்களால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. 1848-ல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்தவர்கள், கொலை, நோய், பட்டினி என்று 1870 வாக்கில் சுமார் 30,000 ஆகக் குறைந்துவிட்டார்கள். நாவல் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

2022-ல் இதே பெயரில் சினிமாவாகவும் வந்தது. படம் பார்த்தாலும் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். கிறிஸ்தவ நாவல்தானே என்று வயதுக்கு வராத பெண் கையில் மட்டும் அப்படியே கொடுத்துவிட வேண்டாம். அந்தக் குழந்தைக்கு நடக்கும் கொடுமைகளை ஆசிரியை மறைக்காமல் எழுதியிருக்கிறார். தாயார் முதலில் ஒரு தடவை படித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தயாராக இருந்தால் கொடுக்கலாம்.