வீட்டு மொழியும் பள்ளி எழுத்தும்

சில திங்களுக்கு முன் மத்திகிரியில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். முதல் வகுப்பில் சேர்ந்து நான்கு மாதமே ஆன சிறுமி ஒருத்தி சிலேட்டும் கையுமாகத் திண்ணையில் அமர்ந்திருந்தாள். சிப்காட்டில் இரவுப் பணி முடித்துவிட்டு வந்த தந்தை, உறங்கப் போகுமுன் மகளின் படிப்பைச் சோதிக்க விரும்பினார். சிலேட்டில் 'பழம்' என்று எழுதிப் படிக்கச் சொன்னார். சிறுமி எழுத்துக்களை விரலால் தொட்டுத் தொட்டு முணுமுணுத்தாள். பிறகு முகம் மலர்ந்து, "பண்டு" என்றாள். தந்தையின் கை ஓங்கியது. உள்ளேயிருந்து அவ்வா ஓடி வந்து குழந்தையை அணைத்துக்கொண்டார்.

"தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளை தெலுங்கில் சொல்கிறாளே, ஐயா! இனிமேல் இந்த வீட்டில் தெலுங்கே பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன்" என்றார் தந்தை. அவ்வாவுக்கோ தெலுங்கைத் தவிர வேறு மொழி பேச வராது.

பெற்றோரே, அச்சிறுமி தவறு செய்தாளா? சிலேட்டில் படம் ஏதும் இல்லை. எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. அவற்றை ஒலியாக்கி, ஒலியைச் சொல்லாக்கி, சொல்லின் பொருளை உணர்ந்து, அப்பொருளைத் தன் வீட்டுச் சொல்லால் கூறினாள். முதல் வகுப்பு கற்பிக்க விரும்புவதில் மிகக் கடினமான பகுதியை அவள் கடந்துவிட்டாள் என்பதே உண்மை. பொருளறியாமல் 'பழம்' என்று ஒப்புவித்திருந்தால் தந்தை மகிழ்ந்திருப்பார்.

ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ஓசூர் என்ற பெயரே கன்னடத்தில் புதிய ஊர் எனப் பொருள்படும். 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி அளிக்க முயல வேண்டுமென அரசியலமைப்பில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமோ, 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இவை இரண்டுக்கும் நடுவே ஐந்து வயதுக் குழந்தை ஒன்று சிலேட்டோடு நிற்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அக்குழந்தை படும் பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'கடல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்று சொற்களிலும் வருவது ஒரே 'க'தான். ஆனால் ஒலி ஒன்றல்ல. தமிழில் பேசி வளர்ந்த குழந்தைக்கு இது தானாகவே நாவில் வந்துவிடும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இவ்வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்துக்கள் உண்டு. ஆகவே அம்மொழிகளைப் பேசும் குழந்தையின் செவி அவற்றை வெவ்வேறாகவே கேட்கும். இரண்டுக்கும் ஏன் ஒரே வடிவம் என்று திகைக்கும். இன்றைய பேச்சுத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ழகரமும் இல்லை. 'பளம்' என்று படித்தால் நகைப்பது முறையன்று. (தமிழர் இல்லங்களிலேயே ழகரம் படும் பாட்டை நாம் அறியோமா!)

வீட்டு மொழி இங்கே தடையாவதைவிடத் துணையாவதே மிகுதி. தமிழில் பால், புலி, பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து. இந்த உறவைக் குழந்தையிடம் விளையாட்டாகச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் தானே வேறொரு சொல்லைக் கண்டுபிடித்து வரும். தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953-இலேயே தன் அறிக்கையில் வலியுறுத்தியது.

கணக்கிலும் இதே கதைதான். நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளையிடம், "ஏழு புளியங்கொட்டை எடுத்து வா" என்று கேளுங்கள். பலர் தடுமாறுவர். எண்ணின் பெயர் வேறு, எண்ணிக்கை வேறு. பத்தைக் கட்டாகக் கட்டி, மேலும் மூன்றை வைத்தால் பதின்மூன்று என்பதைக் கை அறிந்த பின்னரே மனம் அறியும். இப்பகுதியில் ரோஜாத் தோட்டங்களில் பணிபுரியும் தாய்மார்கள் நாள்தோறும் மலர்களை எண்ணிக் கட்டுகிறார்கள். அவர்களைவிடச் சிறந்த கணக்காசிரியர் யார்? பல்லாங்குழியும் பரமபதமும் இருக்க, வாய்ப்பாட்டுக்கு அவசரம் என்ன?

எழுதுவது பற்றி ஒரு சொல். மாவு பிசைவதும், முற்றத்தில் புள்ளிக் கோலமிடுவதும் விரல்களைப் பழக்கும். பக்கம் பக்கமாக எழுதவைத்தால் எழுத்தின்மீது வெறுப்பே மிஞ்சும். 1978-க்கு முன் படித்த பாட்டிமார்கள் 'லை', 'னை' முதலியவற்றைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் எழுதிக் காட்டுவதுண்டு. அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். "அது பாட்டியின் எழுத்து, இது உன் எழுத்து" என்றால் குழந்தை புரிந்துகொள்ளும்.

தீபாவளிக்குள் சரளமாகப் படிக்கவில்லையே என்று கலங்குவோருக்கு ஒன்று கூறுவேன். பெருந்தொற்றுக்குப் பின் 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அடிப்படைப் படிப்பும் எழுத்தும் கணக்கும் கைவர மூன்றாம் வகுப்பு வரை காலம் அளித்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயரிட்டதும் பொருத்தமே. அரசு அளிக்கும் மூன்றாண்டுகளைத் தந்தை நான்கு மாதமாகச் சுருக்கலாமா?

இவற்றையெல்லாம் அத்தந்தையிடம் அன்று ஒரே மூச்சில் சொல்ல இயலவில்லை. உறக்கம் அவர் கண்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன்: "பண்டு என்றால் தமிழில் என்னம்மா?" சிறுமி தந்தையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "பளம்" என்றாள் மெதுவாக.

அடுத்த முறை நான் சென்றபோது மாலைச் செபம் முடிந்திருந்தது. அவ்வா தெலுங்கில் நரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சிறுமி அதைத் தமிழில் தந்தைக்குத் திருப்பிச் சொன்னாள். பணிக்குக் கிளம்ப வேண்டிய தந்தை, சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி, நரி என்ன ஆயிற்று என்று அறிவதற்காக நின்றுகொண்டிருந்தார்.