போத்தலோடு வரவேண்டிய தாள்

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில் உள்ளது கெட்டம்பே. நாட்டில் விற்கும் களைகொல்லி, பூச்சிகொல்லி அத்தனைக்கும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வழங்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. போத்தலில் ஒட்டிய லேபிளைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த இரசாயனத்தின் முழு விவரமும் அடங்கிய பாதுகாப்புத் தரவுத் தாளைக் கண்டவர்கள் குறைவு.

தாளில் 16 பிரிவுகள். ஐக்கிய நாடுகள் சபை 2003இல் வெளியிட்ட முறைப்படி, எந்தக் கம்பனி அச்சிட்டாலும் வரிசை ஒன்றுதான். ஆபத்து 2ஆம் பிரிவில், முதலுதவி 4இல், களஞ்சியப்படுத்தல் 7இல், கையுறையும் முகக்கவசமும் 8இல், எதனோடு சேரக்கூடாது என்பது 10இல். அவசரத்தில் தேடித் திண்டாட வேண்டியதில்லை.

கிரமக்சோன் என்ற பெயரில் தேயிலை மலைகளில் அடித்த பரகுவாட்டை எடுத்துக்கொள்வோம். முதுகில் சுமக்கும் தாங்கி கசிந்து சட்டை நனைந்தால் என்ன செய்வது? உடனே சட்டையைக் கழற்றி, தோலை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்கிறது 4ஆம் பிரிவு. அதே பிரிவில் வைத்தியருக்கும் ஒரு குறிப்பு உண்டு: இதற்கு மாற்றுமருந்து இல்லை, ஒட்சிசன் கொடுப்பதைக் கூடியவரை தவிர்க்கவும். மூச்சுத் திணறுபவருக்கு ஒட்சிசன் வைப்பதுதானே வழக்கம்? பரகுவாட் நுரையீரலுக்குள் ஒட்சிசனையே நச்சு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும். கூடுதலாகக் கொடுத்தால் சிதைவும் கூடும். நோயாளியோடு போத்தலையும் லேபிளையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகச் சொல்வது இதனால்தான். எந்த நஞ்சு என்று தெரியாத வைத்தியர் வழக்கமான சிகிச்சையைத்தான் தொடங்குவார்.

2008இல் தொடங்கிய கட்டுப்பாடு 2011இல் பரகுவாட்டை இலங்கையில் முற்றாக நிறுத்தியது. ஆனால் மருந்தடிப்பு நிற்கவில்லை. வேறு இரசாயனங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் உண்டு.

என்னை உறுத்துவது 7ஆம் பிரிவு. மூலக் கொள்கலனிலேயே, உணவுக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல் வைக்கச் சொல்கிறது அது. மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி லயத்து வீட்டு மூலையில் வைத்த கணமே லேபிளும் இல்லை, தாளும் இல்லை. நிறமுள்ள ஏதோ ஒரு தண்ணீர்தான் மிஞ்சுகிறது. அதை ஒரு பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டால் வைத்தியரிடம் எந்தப் பெயரைச் சொல்வது?

இந்தத் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அடிக்கிறவர் வாசிப்பதோ தமிழ் அல்லது சிங்களம். பதினாறையும் மொழிபெயர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2, 4, 7, 8 ஆகிய நான்கு பிரிவுகளை இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தோட்டத்து மருந்து ஸ்டோர் கதவில் நிர்வாகம் ஒட்டவேண்டும். மருந்து மாறினால் தாளையும் அன்றே மாற்றவேண்டும்.