குப்பை லாரியில் வந்தவர்கள்

1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் ராணுவத்தால் கொல்லப்பட்ட பலரை மாங்வோல்-டாங் இடுகாட்டுக்குக் குப்பை லாரிகளில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். புதைத்த பிறகும் விடவில்லை. நினைவுநாளில் அங்கே போகிற தாய்மாரைப் போலீஸ் வழிமறித்தது. பணம் வாங்கிக்கொண்டு கல்லறையை வேறு ஊருக்கு மாற்றிவிடுங்கள் என்று குடும்பங்களிடம் பேரம் பேசினார்கள். செத்தவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதுகூட ராணுவத் தளபதி சுன் டூ-ஹ்வானின் ஆட்சிக்குப் பொறுக்கவில்லை.

அப்படி என்ன செய்துவிட்டார்கள்? மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. மறுநாள் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள். பாராசூட் படையினர் தடியாலும் துப்பாக்கிக் கத்தியாலும் தாக்கினார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அடி விழுந்தது. மே 20 மாலை டாக்சி, பேருந்து ஓட்டுநர்கள் முகப்பு விளக்குகளை எரியவிட்டு வரிசையாகப் படையை நோக்கி வந்தார்கள். மறுநாள் பிற்பகல் மாகாண அலுவலகத்தின் முன் படையினர் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். மக்கள் காவல்நிலைய ஆயுதங்களை எடுத்ததும் ராணுவம் நகரின் எல்லைக்குப் பின்வாங்கியது. அடுத்த சில நாட்கள் ஊர் தன்னைத் தானே நடத்திக்கொண்டது. சந்தைப் பெண்கள் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள், ரத்தம் கொடுக்க மருத்துவமனைகளில் வரிசை நின்றது, வங்கிகள் சூறையாடப்படவில்லை. இவர்களைத்தான் அரசு கலகக்காரர்கள் என்றது. ஊரில் நடப்பதைச் சொல்லாத தொலைக்காட்சி நிலையத்துக்கு மக்கள் தீ வைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. மே 27 விடியலில் ராணுவம் திரும்பி வந்து மாகாண அலுவலகத்தைக் கைப்பற்றியது. அரசுக் கணக்கிலேயே இறந்த பொதுமக்கள் 160க்கும் மேல். காணாமல் போனவர்கள் தனி.

இன்று மே 18 தேசிய நினைவுநாள். பழைய இடுகாட்டை ஒட்டி 1997இல் திறந்த கல்லறை வளாகத்துக்கு ஜனாதிபதிகளே வந்து தலைகுனிகிறார்கள். குவாங்ஜுவில் குண்டு துளைத்த ஜொனில் கட்டடம், கண்டெடுத்த 245 தடயங்களின் எண்ணையே பெயரில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2011இல் அந்த நாட்களின் ஆவணங்களை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. குவாங்ஜுவில் பிறந்து, அந்தப் படுகொலையை நாவலாக்கிய ஹான் காங்குக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 3 இரவு அப்போதைய ஜனாதிபதி யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, மக்கள் நாடாளுமன்ற வாசலில் படையினரை மறித்தார்கள். உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். 190 பேர் வாக்களித்துச் சில மணி நேரத்தில் அதை ரத்து செய்தார்கள். அந்தத் துணிச்சலுக்கு விலை 1980லேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

குற்றவாளிகள் கதை வேறு. சுன் டூ-ஹ்வானுக்கு 1996இல் விதித்த மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1997 டிசம்பரில் பொதுமன்னிப்பும் கிடைத்தது. 2021இல் 90 வயதில், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் தன் வீட்டில் செத்தார். மன்னிப்புக் கேட்க 2023இல் குவாங்ஜுவுக்கு வந்தது அவருடைய பேரன்.

மே 21 அன்று சுட உத்தரவிட்டது யார் என்பதை, பல ஆண்டுகள் விசாரித்து 2024இல் பணியை முடித்த உண்மை அறியும் ஆணையமும் உறுதிசெய்யவில்லை.