போதகர் வீட்டு அடுப்பு

ஞாயிறன்று வெள்ளைச் சட்டையோடு பிரசங்கம் பண்ணும் போதகரைப் பார்த்து, "அவருக்கென்ன குறை?" என்கிறோம். சின்ன சபைகள் பலவற்றில் காணிக்கைதான் சம்பளம். மழையில் பால்வெட்டு நின்றால், நம்ம அடுப்போடு அவர் அடுப்பும் அணையும். நம்ம பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் நடுராத்திரியிலும் வந்து ஜெபிப்பார். அவர் பிள்ளையோடு போதகரம்மா தனியே விழித்திருப்பார்.

வேலை ஓய்ந்தால் நமக்கு லயம் இல்லை. ஊழியம் ஓய்ந்தால் அவருக்குச் சபை வீடு இல்லை. 1951-இல் வந்த சேமநிதி நமக்காவது கைகொடுக்கும். அவர் பெயரில் சபை சந்தா கட்டுகிறதா? கூட்டத்தில் கேளுங்கள்.

"ஊழியக்காரர் காசைப் பேசலாமா?" என்பார்கள். பவுலடியாரே கூடாரம் செய்துதான் பிழைத்தார். பசி பாவமில்லை. ஜெபத்தில் அவரை நினைக்கிற நாம், சபைக் கணக்கிலும் நினைப்போம்.