இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எப்போது கார் ஓட்டலாம்? விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும். ஏறும்போது கிளட்ச், கியர், ஆக்ஸிலரேட்டர் என்று கால்களுக்கு ஓய்வே இருக்காது. இறங்கும்போது பிரேக்தான் எல்லாமே. டவுனுக்குள் ஓட்டும்போது தெரியாத கால் பலவீனம் இந்தப் பாதையில் தெரிந்துவிடும்.

அதனால்தான், இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் "ஆறு வாரம் ஆச்சே, இனி ஓட்டலாம்ல?" என்று கேட்டால், ஆம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

இது வயதானவர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சிதையும் 'அவாஸ்குலர் நெக்ரோசிஸ்' பாதிப்பால், 30, 40 வயதுகளிலேயே இந்த அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்தும் அதிக மதுவும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

ஆறு வாரம் என்பது எங்கிருந்து வந்தது?

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, சுமார் ஆறு வாரங்களுக்குப் பிறகு பெரும்பாலானோர் கார் ஓட்டலாம் என்கிறது. அதுவும் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரின் ஆலோசனைக்கு உட்பட்டுத்தான். இது பொதுவான கணக்கு. உங்களுக்கு எத்தனை வாரம் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கும்.

ஒன்று, எந்தக் கால்? ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டையும் மிதிப்பது வலது கால். அறுவைச் சிகிச்சை வலது இடுப்பில் என்றால் கூடுதல் கவனம் தேவை.

இரண்டு, எந்த கார்? இடது இடுப்பில் அறுவைச் சிகிச்சை, கார் ஆட்டோமேட்டிக் என்றால் முன்கூட்டியே அனுமதிக்கும் மருத்துவர்கள் உண்டு. கியர் வண்டி என்றால் இடது காலுக்கும் கிளட்ச் வேலை இருக்கிறது.

மூன்று, என்ன மாத்திரை? டிராமடால் போன்ற வலி மருந்துகள் தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரலாம். அவற்றின் தாக்கம் இருக்கும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.

அரை நொடி தாமதம் = 5 மீட்டர்

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 10 மீட்டர் நகரும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் மாற அரை நொடி தாமதமானால், வண்டி 5 மீட்டர் கூடுதலாகப் போய்தான் நிற்கும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் திரும்பும்போது 5 மீட்டர் என்பது பெரிய தூரம்.

அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறை விதி. அதாவது, திடீரென நிறுத்தும் பொறுப்பு இறங்குபவருடையது. எனவே 'ஓட்ட முடியுமா?' என்று யோசிப்பதைவிட, 'இறக்கத்தில் சட்டென்று முழு பலத்தோடு பிரேக் மிதிக்க முடியுமா?' என்று யோசிப்பதே சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில், அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியும் ஓட்ட முடியாவிட்டால் ஓட்டுநர் உரிம அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் இப்படி வாரக்கணக்கு எதுவும் இல்லை. ஆனால் பொறுப்பு உண்டு.

பிரிவு 186: பொதுமக்களுக்கு ஆபத்தாகும் அளவுக்கு உடல்நலக் குறை இருப்பது தெரிந்தும் ஓட்டினால் முதல் முறை 1,000 ரூபாய் வரை, அடுத்த முறை 2,000 ரூபாய் வரை அபராதம்.

பிரிவு 185: இது குடித்துவிட்டு ஓட்டுவதற்கு மட்டுமானதல்ல. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் தாக்கத்தில் ஓட்டுவதும் இதில் வரும்.

லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தரும் படிவம் 1-இல், கை, கால் தசை பலத்தில் குறை உண்டா என்ற கேள்வி இருக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றான படிவம் 1ஏ-வும் தேவை. இரண்டிலும் உள்ளதை உள்ளபடி சொல்வதே பாதுகாப்பு.

சரி, இன்ஷூரன்ஸ்?

இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு: உங்கள் காரால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர மறுக்க, சட்டம் வரையறுத்த சில காரணங்கள் மட்டுமே நிறுவனத்துக்கு உண்டு. ஆனாலும் நீங்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. லைசென்ஸ் தொடர்பான ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், நிபந்தனை மீறல் நிரூபணமானாலும் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற வழியை உறுதிசெய்தது.

சொந்த சேதக் காப்பீடு: செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாலும், மது அல்லது போதை தரும் மருந்தின் தாக்கத்தில் ஓட்டினாலும் இதில் பணம் கிடைக்காது. அறுவைச் சிகிச்சை நடந்தது என்பதே தனி மறுப்புக் காரணம் அல்ல. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஓட்ட வேண்டாம்' என்று எழுதியிருக்கும் காலத்துக்குள் விபத்து நடந்தால், அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு: கட்டாயக் காப்பீட்டின் தொகை 15 லட்சம் ரூபாய். இது கார் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும். அப்பாவின் காரை மகனோ மகளோ ஓட்டினால், லைசென்ஸ் இருக்கும்பட்சத்தில் வண்டி சேதமும் மூன்றாம் நபர் பாதுகாப்பும் வழக்கம்போல் தொடரும். ஆனால் ஓட்டுகிற பிள்ளைக்கு இந்த 15 லட்சம் பொருந்தாது. அப்பா குணமாகும் மாதங்களில் நீங்கள்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், தனி விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியை எடுக்கும் முன்

* மறுபரிசோதனைக்குப் போகும்போது 'கார் ஓட்டத் தகுதியானவர்' என்று தேதியோடு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மலைப்பாதையில் ஓட்டுவீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

* பாலிசி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் படிவத்தில் ஓட்டுநரின் உடல் குறைபாடு பற்றிக் கேள்வி இருந்தால் மறைக்காதீர்கள். சந்தேகம் என்றால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

* இன்ஜினை அணைத்துவிட்டு, நின்ற வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குப் பத்து முறை வேகமாகக் காலை மாற்றி அழுத்திப் பாருங்கள். வலித்தாலோ, கையால் காலைத் தூக்க வேண்டியிருந்தாலோ இன்னும் நேரம் வரவில்லை.

* ஏறும்போது முதலில் சீட்டில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்புங்கள். சீட் தாழ்வாக இருந்தால் கெட்டியான குஷன் போடுங்கள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இது அவசியம்.

* முதலில் காலி மைதானம், அடுத்து ஊருக்குள் குறைந்த தூரம், அதன் பிறகே அடிவாரத்தைத் தாண்டுங்கள். முதல் மலைப் பயணம் பகலில், லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வாருங்கள். பிரேக் மீதான சுமை குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் நிறுவனம் கிளைமை மறுத்தால், காரணத்தை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் செய்யுங்கள். அங்கே தீரவில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளமும், கட்டணமில்லாத காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகமும் இருக்கின்றன. மருத்துவரிடம் தேதியோடு எழுதி வாங்கிய அந்த ஒரு தாள் அப்போது உங்கள் பக்கம் பேசும்.