சொந்த இரத்தம் முகத்துக்கு மருந்தாகுமா?

டிங்கிக் காய்ச்சலில் யாராவது மருத்துவமனையில் படுத்துவிட்டால் வீட்டில் எல்லாரும் கேட்பது, "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான். அதே பிளேட்லெட், அதாவது இரத்தத் தட்டணு, இன்று ஜோர்ஜ்டவுன் அழகியல் கிளினிக்குகளிலும் பேச்சாக இருக்கிறது. முகச் சுருக்கத்துக்கும் பருத் தழும்புக்கும் 'பி.ஆர்.பி.' ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். கேட்பவர்களில் மாணவர்களும் உண்டு.

இரத்தம் உறைவதைப் படிவம் நான்கு உயிரியலில் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 தட்டணுக்கள் உள்ளன. காயம் பட்டதும் அவை ஒன்றுகூடிக் கசிவை அடைக்கின்றன. அதோடு நிற்பதில்லை, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களை வெளியிட்டு, காயத்தை ஆற்றும் உயிரணுக்களைத் தூண்டுகின்றன.

அந்தத் தூண்டுதலைச் சருமத்தில் ஏற்படுத்துவதுதான் பி.ஆர்.பி. கையிலிருந்து 10, 20 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்க, மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். அதில் தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து முகத்தில் ஊசியால் செலுத்துவார்கள்.

இது அழகுக்காகப் பிறந்த சிகிச்சை அல்ல. தாடை எலும்பு ஒட்டு அறுவையில் இது உதவுவதாக அமெரிக்க மருத்துவர் ரோபர்ட் மார்க்ஸ் 1998இல் எழுதினார். பிறகு விளையாட்டு வீரர்களின் மூட்டு, தசைநார்க் காயங்களுக்கு வந்தது. 2013இல் கிம் கர்டாஷியன் இரத்தம் படிந்த தம் முகப் படத்தை வெளியிட்டதும் உலகமே 'வேம்பயர் பேஷியல்' என்று பேசத் தொடங்கியது.

பலன் உண்டா? சருமத்தில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுவதால் முடிவுகளை ஒப்பிடுவதே சிரமம். சிலருக்குத் தழும்பு மங்குகிறது. உறுதி சொல்ல முடியாது. பதினெட்டு வயதில் சுருக்கத்துக்கு இது தேவையே இல்லை என்பேன்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை குறைவுதான். ஆனால் அது சொந்த இரத்தமாகவே திரும்பி வரவேண்டுமே! அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் இந்தச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு 2018இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அதிகாரிகள் சோதித்தபோது, பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள் சமையல் மேடையிலும், உணவோடு குளிர்பெட்டியிலும் கிடந்தன. மேலும் சில வாடிக்கையாளர்களுக்கும் தொற்று இருந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்டது.

நம் நாட்டில் அழகுக்கலை நிபுணர் ஊசி போடக்கூடாது. அது மருத்துவர் வேலை. அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்றும் வேண்டும். பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி 300,000 வெள்ளி வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

பருத் தழும்பு உண்மையிலேயே வருத்தினால், அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு பொது மருத்துவமனையின் சருமப் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், செலவு மிகக் குறைவு.