வழி சொல்லாத குகை!

பட்டுக்கோட்டையிலிருந்து மல்லிப்பட்டினம் பக்கம் போனால், கடலோரத்தில் எட்டு அடுக்காக நிற்கிறது மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. அண்ணாந்து பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் வரும் கேள்வி, "மேல என்ன இருக்கு?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியை மட்டுமே நம்பி உருவான வீடியோ கேம், 'கேவ் ஸ்டோரி'.

90-களில் டி.வி-யில் கேசட் செருகி மரியோ, கான்ட்ரா ஆடியவர்களுக்கு இதன் தோற்றம் பழகியதுதான். கட்டம் கட்டமான பொம்மைகள், கீச்சுக் குரல் இசை, பட்டனைத் தட்டினால் ஒரு தாவல். ஆனால் இது வெளியானது 2004 டிசம்பரில். முப்பரிமாண கேம்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமாயா, கல்லூரி நாள்களில் தொடங்கி, வேலைக்குப் போன பிறகும் கிடைத்த நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து, ஐந்து ஆண்டுகளில் முடித்தார். கதை, படம், இசை, புரோகிராம் எல்லாம் அவரே. முடித்ததும் இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டார். நடுவில் குறுக்கிடும் விளம்பரம் இல்லை, 'பணம் கட்டினால் அடுத்த லெவல்' இல்லை. ஆங்கிலத்துக்கு மாற்றியதுகூட ரசிகர்கள்தான்.

நினைவிழந்த ரோபோ ஒன்று குகைக்குள் கண் விழிக்கிறது. கையில் ஆயுதம் இல்லை. 'இப்படிப் போ' என்று அம்புக்குறியும் இல்லை. தேடி அலைந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரின் பெட்டியில் துப்பாக்கி கிடைக்கிறது. ஆமாம், சுட்டுக்கொண்டுதான் போகிறோம்! எதிரி விழுந்தால் சிதறும் முக்கோணங்களைப் பொறுக்கப் பொறுக்க ஆயுதம் வலுவாகும். நாம் அடிபட்டால் அதுவும் இறங்கிவிடும். இந்தக் குகை இருப்பதே வானில் மிதக்கும் தீவுக்குள் என்பது பிறகுதான் புரியும். முயல் போன்ற மிமிகாக்கள் அங்கே பயந்து வாழ்கின்றன. அவற்றில் சில செத்தும் போகும். சின்னப் பிள்ளைகள் ஆடினால் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

ஓர் இடம் மட்டும் கொஞ்சம் அநியாயம். பள்ளத்தில் விழுந்து கிடக்கும் பேராசிரியரிடம் ஓடிப்போய்ப் பேசினால், அவர் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டு இறந்துவிடுவார். கண்டுகொள்ளாமல் பள்ளத்தைத் தாண்டிப் போனால்தான் பிழைப்பார். அப்போதுதான் கதையின் நல்ல முடிவும் கிடைக்கும். யாராவது சொல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்வழியாகவே பரவிய ரகசியம் இது.

பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரே போதும். மெருகேற்றிய 'கேவ் ஸ்டோரி பிளஸ்' காசுக்குக் கிடைக்கிறது. தமிழில் இல்லை என்பது குறைதான். நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்கவும் முடியாது. ஃப்ளாப்பி டிஸ்க் படம் இருக்கும் இடம்வரை போயாக வேண்டும். அது என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு அப்பாதான் சொல்ல வேண்டும். சாப்பிடக் கூப்பிடும் அம்மாவுக்கும் இதை விளக்கிவிடுவது உத்தமம்.

வழியில் அந்தத் துப்பாக்கிக்குப் பதிலாக வேறு ஆயுதம் தருகிறேன் என்பார்கள். மாற்றிக்கொள்ளாமல், கடைசிக் கட்டத்துக்கு முன் முதல் குகைக்கே திரும்பினால், களவுபோன தன் துப்பாக்கியைக் கிழவர் அடையாளம் கண்டுகொள்வார். அதையே வாங்கி, இன்னும் பலமானதாக்கித் திருப்பித் தருவார்.